பூச்சியும் பூச்சியமும்

அன்று காலை எழுந்ததும் பூச்சி ஜன்னலைத் திறந்து ஆற்றைப் பார்த்தாள்.

பூச்சி என்றால் பறக்கிற பூச்சி இல்லை. பத்து வயதுப் பெண். வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச மாட்டாள். 'வாயில்லாப்பூச்சி' என்று யாரோ ஒருமுறை சொல்லப் போக, அது தேய்ந்து வெறும் பூச்சி ஆகிவிட்டது. இப்போது அம்மாகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

வகுப்பில் ஆசிரியை கேள்வி கேட்டால் பூச்சிக்குப் பதில் தெரிந்திருக்கும். ஆனால் அந்தப் பதில் தொண்டை வரை வந்து, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். ஆசிரியை கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு மதிப்பெண் ஏட்டில் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார்.

"பூச்சிக்கு எவ்வளவு மார்க்?" என்று பின்வரிசைப் பையன்கள் கேட்பார்கள்.

"பூச்சியம்!" என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொள்வார்கள்.

அதையெல்லாம் அவள் பழகிக்கொண்டாள். அவளால் பழகிக்கொள்ள முடியாதது மழைதான். மூன்று நாளாக விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். பூச்சியின் வீடு ஆற்றோரத் தெருவில் இருந்தது. முன்பக்கம் அப்பாவின் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை, பின்பக்கம் வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியும். காலையில் அவள் திறந்து பார்த்தபோது துணி துவைக்கிற படிக்கட்டில் நாலு படிகளைக் காணவில்லை.

"ரெண்டு பேரையும் கடையில வச்சுக்கிட்டு என்னால சமாளிக்க முடியாது. ஒருத்தரையாவது கூட்டிட்டுப் போ," என்றார் அப்பா.

நாலு வயதுத் தம்பியை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனால் அலுவலகம் இரண்டாகிவிடும். அதனால் சத்தம் போடாத பூச்சியை அம்மா கையோடு அழைத்துச் சென்றாள்.

அம்மா வேலை பார்த்தது வெள்ளக் காவல் அறையில். பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மேட்டின் மேல் இருந்த சின்னக் கட்டடம் அது. உள்ளே இரண்டு கணினித் திரைகள், நாலு நாற்காலிகள், சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி. கண்ணாடிக்குள் சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் கூரை மேலிருக்கும் அபாயச் சங்கு ஊதும். சங்கு ஊதினால் ஆற்றோரத் தெருக்காரர்கள் எல்லாரும் போட்டது போட்டபடி மேட்டுக்கு ஓடிவர வேண்டும்.

அறையில் அம்மாவைத் தவிர இருந்தவர் பொறியாளர் ஒருவர்தான். நல்ல மனிதர். ஆனால் கவலை வந்தால் கையிலிருக்கும் பேனாவை 'டிக் டிக்' என்று அழுத்திக்கொண்டே இருப்பார். அன்று அந்தப் பேனாவுக்கு ஓய்வே இல்லை.

"பாப்பா பயப்படுறாளா?" என்று கேட்டார்.

"அவ எப்பவுமே அப்படித்தான் சார்," என்றாள் அம்மா. பிறகு பூச்சியிடம் கட்டம் போட்ட தாள் ஒன்றையும் மூன்று வண்ணப் பென்சில்களையும் கொடுத்தாள். "இங்க பாரு, சும்மா உட்கார்ந்தா பயம்தான் வரும். இந்தத் திரையில வர்ற எண்ணைப் பார்த்துப் பார்த்துப் புள்ளி வை."

வேலை எளிதுதான். ஆற்றில் மூன்று இடங்களில் அளவுக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். மலைப்பக்கம் மேல்கம்பம், வழியில் நடுக்கம்பம், ஊருக்குப் பக்கத்தில் கீழ்க்கம்பம். ஒவ்வொரு கம்பத்துக்கும் ஓர் ஆள். அரை மணிக்கு ஒருமுறை அவர் தண்ணீர் எத்தனை மீட்டர் வரை ஏறியிருக்கிறது என்று பார்த்து, கையடக்கமான ஒரு பெட்டியில் எண்ணை அழுத்துவார். மழை அளவையும் அழுத்துவார். பெட்டியில் எண்கள் மட்டும்தான் உண்டு, எழுத்துகள் கிடையாது. அந்த எண்கள் இங்கே கணினியில் ஒரு கோப்பில் வரிவரியாக வந்து விழும்.

மேல், 1.30, 5.6, 31
நடு, 1.30, 3.6, 24
கீழ், 1.30, 1.9, 20

முதலில் கம்பம், அடுத்து மணி, அடுத்து தண்ணீரின் உயரம், கடைசியில் மழை. நடுவில் காற்புள்ளிகள்.

அம்மா எழுதிய நிரல் ஒன்று அந்த வரிகளைப் படிக்கும். மூன்று உயரங்களையும் கூட்டி மூன்றால் வகுக்கும். விடை மூன்றுக்குக் கீழே என்றால் ஆற்றோரத் தெரு முனையில் இருக்கும் பலகையில் பச்சை விளக்கு எரியும். மூன்றுக்கு மேலே மஞ்சள். நாலைத் தாண்டினால் சிவப்பு. சிவப்பு வந்தால் பொறியாளர் சங்கை ஊதுவார்.

காலையிலிருந்து மஞ்சள்தான்.

பூச்சி மேல்கம்பத்துக்குச் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்தாள். நடுக்கம்பத்துக்கு நீலம், கீழ்க்கம்பத்துக்குப் பச்சை. இரண்டு மணிக்கு மேல்கம்பத்திலிருந்து 5.9 என்று வந்தது. சிவப்புப் புள்ளி தாளின் உச்சியைத் தொடப் பார்த்தது.

"சராசரி மூணு புள்ளி ஒன்பது சார்," என்றாள் அம்மா.

பொறியாளரின் பேனா வேகமெடுத்தது. "இன்னும் ஒரு சொட்டு ஏறினா சிவப்பு."

மூவரும் இரண்டரை மணிக்காகக் காத்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடியில் மழை அறைந்தது. கீழே ஆறு சேற்று நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முழு மரம் வேரோடு மிதந்து வந்து பாலத்தில் இடித்தது. இடித்த அதிர்ச்சி பூச்சியின் நாற்காலி வரைக்கும் வந்தது.

இரண்டரை ஆயிற்று. வரிகள் விழுந்தன. அம்மாவின் திரையில் விளக்கு மாறியது.

பச்சை.

"அப்பாடா!" என்றார் பொறியாளர். பேனா நின்றது. "மேல்கம்பத்துல தண்ணி வடிஞ்சிடுச்சு! சராசரி ரெண்டு புள்ளி ஒண்ணு."

"நிஜமாவா சார்?" அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "என் வீடே அந்தத் தெருவுலதான் இருக்கு. உசிரு போய் உசிரு வந்துச்சு."

பூச்சிக்கும் உயிர் வந்தது. ஆனால் அவளுக்குப் புள்ளி வைக்கிற வேலை இருந்தது. சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு தன் பக்கத்துத் திரையில் கோப்பைப் பார்த்தாள்.

மேல், 2.30, , 38
நடு, 2.30, 4.1, 27
கீழ், 2.30, 2.2, 21

மேல்கம்பத்து வரியில் உயரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. இரண்டு காற்புள்ளிகள், நடுவில் வெற்றிடம்.

எட்டி அம்மாவின் திரையைப் பார்த்தாள். அங்கே அதே மேல்கம்பத்துக்கு நேராகப் பெரிய எழுத்தில் 0.0 என்று இருந்தது.

இதென்ன வம்பு? அனுப்பியவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கணினி பூச்சியம் என்கிறது. அரை மணிக்கு முன்னால் ஆறு மீட்டரைத் தொட இருந்த தண்ணீர், இந்த மழையில், எப்படிச் சொட்டுகூட இல்லாமல் போகும்?

புள்ளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் பென்சிலை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவளுக்குக் கம்பத்து மாமாவின் ஞாபகம் வந்தது.

மேல்கம்பத்தைப் பார்த்துக்கொள்பவரைத்தான் எல்லாரும் கம்பத்து மாமா என்பார்கள். சுட்டெரிக்கிற வெயிலிலும் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு திரிகிறவர். திங்கட்கிழமைகளில் இந்த அலுவலகத்துக்குக் கையெழுத்துப் போட வருவார். ஒருமுறை பூச்சி அவரிடம் ஏதோ கேட்க வாயைத் திறந்து, வழக்கம்போல நின்றுவிட்டாள். அவர் அவசரப்படவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மழைக்கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மறுபடியும் ஒவ்வொன்றாக மாட்டினார். கடைசிப் பொத்தானில் அவள் கேள்வி வெளியே வந்துவிட்டது.

"உங்க கம்பம் ஆறு மீட்டர்தானே மாமா? தண்ணி அதுக்கு மேல போனா என்ன செய்வீங்க?"

"என்ன செய்வேன்? மரத்துல ஏறி உட்கார்ந்துக்குவேன்!"

"அப்ப பெட்டியில என்ன எழுதுவீங்க?"

"கம்பமே முழுகிட்டா எதைப் பார்த்து எழுதுறது கண்ணு? ஒண்ணும் எழுத மாட்டேன். காலியா விட்டுடுவேன்."

அன்று இருவரும் சிரித்தார்கள். இன்று பூச்சிக்குச் சிரிப்பு வரவில்லை.

தண்ணீர் வடியவில்லை. கம்பத்தையே முழுங்கிவிட்டது.

மேல்கம்பத்தைத் தாண்டிய தண்ணீர் ஊருக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். இரண்டரையோடு ஒன்றரையைக் கூட்டினால் நாலு. நாலு மணிக்கு அது ஆற்றோரத் தெருவுக்கு வந்துவிடும். அங்கே அப்பாவும் தம்பியும் இருக்கிறார்கள்.

சொல்ல வேண்டும். உடனே சொல்ல வேண்டும்.

அவள் வாயைத் திறந்தாள். அம்மாவும் பொறியாளரும் காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். வார்த்தை தொண்டைக்கு வந்தது, சம்மணம் போட்டது. ஒருவேளை தான் நினைப்பது தப்பாக இருந்தால்? இவ்வளவு பெரியவர்களுக்குத் தெரியாததா? கணினிக்குத் தெரியாததா? அவள் வாயை மூடிக்கொண்டாள்.

தொலைபேசி மணி அடித்தது. அப்பாதான்.

"ஆமாங்க, பச்சைதான். தண்ணி வடியுதாம்," என்றாள் அம்மா சந்தோஷமாக. "பரண்ல ஏத்தின சாமானையெல்லாம் இறக்கிடுங்க. இருங்க, பூச்சிகிட்ட தர்றேன். தம்பி ஏதோ பேசணுமாம்."

பூச்சியின் காதில் தம்பியின் குரல் கீச்சென்று கேட்டது. "அக்கா! நம்ம வாசல் வரைக்கும் தண்ணி வந்திருக்கு. நான் கப்பல் விட்டேன். உன் கணக்கு நோட்டைக் கிழிச்சுத்தான் விட்டேன்!"

'ஓடு, மேட்டுக்கு ஓடு' என்று அவள் மனசு கத்தியது.

"ம்," என்றது வாய்.

"நீ எப்பப் பார்த்தாலும் 'ம்'தான்," என்று தம்பி அலுத்துக்கொண்டு வைத்துவிட்டான்.

பூச்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் மேலேயே கோபமாக வந்தது. கடிகாரம் இரண்டு ஐம்பது காட்டியது. பிறகு இரண்டு ஐம்பத்தைந்து. ஒவ்வொரு நிமிடமும் ஆற்றில் எங்கோ ஒரு பெரிய தண்ணீர் தன் வீட்டை நோக்கி வந்துகொண்டிருக்கிறது, அது இந்த அறையில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தபடி அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணி. மறுபடியும் வரிகள் விழுந்தன.

மேல், 3.00, , 41
நடு, 3.00, 4.3, 30
கீழ், 3.00, 2.4, 22

மறுபடியும் வெற்றிடம். அம்மாவின் திரையில் மறுபடியும் 0.0. மறுபடியும் பச்சை.

பூச்சி எழுந்தாள். கட்டம் போட்ட தாளைக் கொண்டுபோய் அம்மாவின் விசைப்பலகை மேலேயே வைத்தாள். பேச வேண்டிய வார்த்தைகள் நூறு இருந்தன. வெளியே வந்தது ஒன்றே ஒன்று.

"மரம்."

"என்ன மரம்?" என்றாள் அம்மா.

"மா... மாமா. மரத்துல ஏறிட்டாரு."

பொறியாளர் ஜன்னலை எட்டிப் பார்த்தார். "எந்த மாமா? இங்க மரமே இல்லையே பாப்பா!"

அம்மா சிரிக்கவில்லை. பூச்சியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். சிவப்புப் புள்ளிகள் படிப்படியாக மேலே ஏறி, இரண்டு மணியோடு சட்டென்று நின்றிருந்தன. அதற்கப்புறம் வெறும் கட்டங்கள்.

"ஏன் ரெண்டரைக்குப் புள்ளி வைக்கலை? கீழ பூச்சியத்துல வைக்கணும்ல?"

பூச்சி இல்லையென்று தலையை ஆட்டினாள். தன் திரையைக் கைகாட்டினாள். "பூச்சியம் இல்லம்மா. காலி."

அம்மா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து கோப்பைப் பார்த்தாள். இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே விரலை வைத்தாள். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதைப் பூச்சி பார்த்தாள். அம்மா பயந்து அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

அம்மா அவசரமாக நிரலைத் திறந்து ஒரு வரியைத் தேடிப் பிடித்தாள். அதைச் சத்தமாகப் படித்தாள். "எண் காலியாக இருந்தால், பூச்சியம் என்று வைத்துக்கொள்."

"யார் எழுதினது இதை?" என்றார் பொறியாளர்.

"நான்தான் சார்," என்றாள் அம்மா. "போன வருஷம் ஒரு தடவை எண் இல்லாம ஒரு வரி வந்து, நிரல் அப்படியே நின்னுடுச்சு. மறுபடி நிக்கக் கூடாதேன்னு ஒரு பூச்சியத்தைப் போட்டு ஓட்டிட்டேன். பூச்சியம்னா இங்க என்ன அர்த்தம்னு யோசிக்கவே இல்ல."

டிக் டிக் டிக் டிக். பேனா மறுபடியும் ஆரம்பித்தது. பொறியாளர் தொலைபேசியை எடுத்து மேல்கம்பத்துக்குச் சுழற்றினார். மதியத்திலிருந்து அந்தப் பக்கம் பெட்டியின் எண்கள் மட்டும்தான் வந்தன, தொலைபேசித் தொடர்பு கிடைக்கவில்லை. இப்போதும் கிடைக்கவில்லை.

"சரி. பதற வேண்டாம்," என்றார் பதறிக்கொண்டே. "அந்த வரியை விட்டுடுவோம். மீதி ரெண்டு கம்பத்தை வச்சுப் போடுங்க."

"மூணு புள்ளி மூணு அஞ்சு," என்றாள் அம்மா. "மஞ்சள்."

"மஞ்சள்னா சங்கு கிடையாது. போன தடவை சும்மா ஊதிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஊரே நனைஞ்ச மூட்டையோட வந்து இந்த வாசல்ல நின்னு என்னைக் கிழிகிழின்னு கிழிச்சுது. அடுத்த அரை மணி வரைக்கும் பார்ப்போம்."

அடுத்த அரை மணி! தொண்டையில் உட்கார்ந்திருந்தது என்னவோ, அது அந்த நிமிடம் பிடரியில் அடி வாங்கியதுபோல எழுந்து வெளியே ஓடிவந்தது.

"விட்டுடாதீங்க!"

அவ்வளவு சத்தமாகப் பேசியது தான்தானா என்று அவளே திடுக்கிட்டாள். பொறியாளரின் பேனா கையிலிருந்து நழுவியது.

"அவர் ஒண்ணும் எழுதலைன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் இல்ல," என்றாள் பூச்சி. கண்ணீர் வழிந்தது. துடைக்க நேரமில்லை. "நானும்தான் வகுப்புல பேசாம நிக்கிறேன். தெரியாம நிக்கலை. தெரியும். சொல்ல முடியலை, அவ்வளவுதான். டீச்சர் பூச்சியம் போட்டுட்டுப் போயிடுறாங்க."

"சார்," என்றாள் பூச்சி, "மேல்கம்பம் எவ்வளவு உயரம்?"

"அது தெரியாதா? ஆறு மீட்…" பொறியாளர் வார்த்தையை முடிக்கவில்லை. அவருடைய கண் தாளுக்குப் போயிற்று. கடைசிச் சிவப்புப் புள்ளி 5.9-இல் நின்றுகொண்டிருந்தது.

"கம்பம் முழுகிட்டா எழுத ஒண்ணும் இருக்காது, காலியா விட்டுடுவேன்னு மாமா சொன்னாரு. மரத்துல ஏறிடுவேன்னும் சொன்னாரு."

"அப்ப குறைஞ்சது ஆறு," என்றாள் அம்மா. அவள் விரல்கள் ஏற்கனவே எண்களைத் தட்டிக்கொண்டிருந்தன. "ஆறுன்னு வச்சாலே நாலு புள்ளி ரெண்டு சார். சிவப்பு. ஆறுக்கு மேல எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது."

பொறியாளர் அதற்கு மேல் யோசிக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியை முழங்கையால் இடித்து உடைத்தார். பொத்தானை அழுத்தினார்.

கூரை மேல் சங்கு அலறியது. கட்டடமே அதிர்ந்தது. பூச்சி காதைப் பொத்திக்கொண்டு அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மணி மூன்று பன்னிரண்டு.

அம்மா அப்பாவின் எண்ணைச் சுழற்றினாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி சுழற்றினாள். மறுபடியும் யாரும் எடுக்கவில்லை.

"எடுங்களேன், எடுங்களேன்," என்று தொலைபேசியைக் கெஞ்சினாள்.

ஜன்னல் வழியாக மேட்டுப் பாதை தெரிந்தது. முதலில் யாருமில்லை. பிறகு ஒரு குடை தெரிந்தது. பிறகு பத்துக் குடைகள். மூட்டைகள், குழந்தைகள், கோழிக்கூட்டைத் தலையில் வைத்துக்கொண்ட ஓர் அம்மாள், தையல் இயந்திரத்தை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிவந்த தையற்காரரும் அவர் மனைவியும். பூச்சி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அப்பாவைக் காணோம். தம்பியைக் காணோம். சாமானை இறக்கச் சொன்னது நாம்தானே என்று அம்மா முணுமுணுத்தாள். ஒரு 'ம்'மோடு விட்டுவிட்டோமே என்று பூச்சி உள்ளுக்குள் அழுதாள்.

மூன்றரைக்கு வரிகள் விழுந்தன. மேல்கம்பத்து வரியில் உயரம் மறுபடியும் காலி.

இந்த முறை அந்த வெற்றிடத்தைப் பார்த்தபோது பூச்சிக்கு வேறொன்று தோன்றியது. "அம்மா, மழை எண் வந்திருக்கு. மாமா பொத்தானை அழுத்துறாரு. அப்ப அவர் பத்திரமா இருக்காரு."

அம்மா அவள் தலையைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

மூன்று நாற்பதுக்குப் பாதையின் வளைவில் ஒரு சைக்கிள் தெரிந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வந்தவருக்கு முழங்கால் வரை சேறு. பின்னிருக்கையில் தார்ப்பாய் மூட்டை ஒன்று. மூட்டைக்கு ஒரு மூக்கு இருந்தது.

"தம்பி!" என்று கத்திக்கொண்டு பூச்சி மழையில் ஓடினாள்.

"எல்லாச் சாமானையும் இறக்கி முடிச்சேன், சங்கு ஊதுது!" என்று அப்பா மூச்சிரைத்தார். "இவன் வேற கப்பலை எடுத்தாத்தான் வருவேன்னு அடம். அடுத்த வீட்டுக்காரரை வேற தூக்கிவிட வேண்டியதாப் போச்சு. கைப்பேசி எங்க விழுந்துச்சுன்னே தெரியல."

மூட்டைக்குள்ளிருந்து தம்பி ஒரு காகிதக் கப்பலை நீட்டினான். "உன் கணக்கு நோட்டு, அக்கா. இந்தா."

வெள்ளம் நாலு மணிக்கு வரவில்லை. நாலு ஐந்துக்கு வந்தது. முதலில் சத்தம் மட்டும் வந்தது, ஏதோ பெரிய வண்டி கற்களை இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி. பழுப்பு நிறத் தண்ணீர் ஆற்றோரத் தெருவுக்குள் திரும்பியது. கடைகளின் கதவு போயிற்று, ஜன்னல் போயிற்று. கடைசியில் அப்பாவின் கடையில் பெயர்ப்பலகை மட்டும் வெளியே தெரிந்தது. தெருவில் ஓர் ஆள்கூட இல்லை. தெரு முனைப் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே தண்ணீருக்குள் போனது.

பொறியாளர் தன் பேனாவைத் தேடினார். அதைப் பூச்சி எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை அழுத்தவில்லை. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

அடுத்த திங்கட்கிழமை கம்பத்து மாமா வழக்கம்போல மழைக்கோட்டில் வந்தார். படகுக்காரர்கள் வந்து இறக்கும் வரை அவர் மரக்கிளையில்தான் இருந்தாராம். பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறை அழுத்தியிருக்கிறார். மழை அளக்கிற குவளையையும் கிளையிலேயே கட்டிவைத்திருக்கிறார்.

"காலியா அனுப்பினா எல்லாரும் பதறுவீங்கன்னு நான் நினைச்சா, நீங்க பூச்சியம்னு போட்டுட்டுச் சிரிச்சுக்கிட்டிருந்தீங்களாமே!" என்றார்.

அம்மா நிரலைத் திருத்திவிட்டாள். இப்போது காலியாக ஒரு வரி வந்தால் திரையில் எண் வராது. பெரிய கேள்விக்குறி ஒன்று வரும், மணி ஒன்று விடாமல் அடிக்கும். யாராவது எழுந்து போய் ஏன் என்று பார்க்கும் வரை அது நிற்காது. மேல்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒன்பது மீட்டர் உயரத்தில் புதுக் கம்பமும் நடப்போகிறார்கள். மரத்தையும் வெட்டக் கூடாது என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பள்ளி திறந்தது. வாய்மொழித் தேர்வு வந்தது. பூச்சியின் முறையும் வந்தது.

ஆசிரியை கேள்வி கேட்டார். பூச்சி எழுந்து நின்றாள். பதில் தெரியும். தொண்டை வரை வந்தது. வழக்கம்போல அங்கே உட்கார இடம் பார்த்தது. பின்வரிசையில் யாரோ ஒருவன் "பூச்சி... பூச்சியம்" என்று கிசுகிசுத்தான். ஆசிரியையின் பேனா ஏட்டில் வட்டம் போடத் தாழ்ந்தது.

"டீச்சர்," என்றாள் பூச்சி மெல்ல. "பூச்சியம் போடாதீங்க. காலியா விடுங்க."

வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"ஏன்?" என்றார் ஆசிரியை.

"வந்துக்கிட்டிருக்கு."

ஆசிரியை அவளைப் பார்த்தார். பேனாவை மூடி மேசை மேல் வைத்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு பதில் வந்தது.